கத்திரி வெயிலும் கண்மாய்க்கரை நடையும்: கேட்டதும் சொன்னதும்

காரைக்குடியைச் சுற்றி ஞாயிறுதோறும் நடக்கிற கூட்டம் எங்களுடையது. பங்குனி பிறந்துவிட்டால் போதும், "கோடையில் எப்படி நடக்கிறீர்கள்" என்று கேள்வியாக வந்து குவியும். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே.

கத்திரி வெயிலிலும் நடக்கிறீர்களாமே, நிஜமா அண்ணே? (பள்ளத்தூர் தம்பி)

கத்திரியில் நடக்கிறோம் தம்பி, வெயிலில் நடப்பதில்லை. மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை அக்னி நட்சத்திரம். அந்த நாட்களில் சூரியன் 6 மணிக்குக் கொஞ்சம் முன்பே வந்துவிடும். நாங்கள் 5 மணிக்கெல்லாம் கிளம்பி 7.30க்கு ஏதாவது ஒரு நிழலில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது கணக்கு, தூரம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஒரு வருஷம் யாரோ வருகிறேன் என்றாரே என்று ஆறே முக்கால் வரை நின்றுவிட்டுக் கிளம்பினோம், திரும்பும்போது மணி பத்து, செம்பூராங்கல் பொட்டல், ஒதுங்க ஒரு வேம்பு கிடையாது, கூட வந்தவர் ஒருவர் தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம்" என்று சொன்ன புண்ணியவான் நான்தான். அன்றோடு யாருக்காகவும் நிற்பதில்லை, கோபித்துக்கொண்டாலும் சரி.

அறுபதைத் தாண்டியவர்கள் வரலாமா? தண்ணீர் எவ்வளவு கொண்டு வர வேண்டும்? (கோட்டையூரிலிருந்து)

எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள்தான் அய்யா. ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், அதோடு உப்புப் போட்ட மோர். நன்றாக வியர்த்த உடம்புக்கு வெறும் தண்ணீர் மட்டும் போதாது. கிளம்பும் முன் ஒரு டம்ளர் நீராகாரம் குடித்துவிட்டு வருகிறவர்கள் கடைசி வரை தெம்பாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு வராதீர்கள், பையில் ஏதாவது இனிப்பு இருக்கட்டும். பிரஷர், இதய மாத்திரைக்காரர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். யாருக்காவது உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பேச்சு குழறினால் அது வெறும் மயக்கம் இல்லை. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிட வேண்டும்.

காய்ந்து கிடக்கிற கண்மாயில் பார்க்க என்ன இருக்கிறது? (தேவகோட்டை ஆச்சி ஒருவர்)

ஆச்சி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஐப்பசி, கார்த்திகையில் கரைமேல் நின்று தண்ணீரைப் பார்க்கலாம், அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் எந்த வழியாக வந்தது, எந்த வழியாக வயலுக்குப் போகிறது என்பதைக் கோடையில்தான் உள்ளே இறங்கிப் பார்க்க முடியும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டே நடந்தால், மேலே இருக்கிற கண்மாய் நிறைந்து வழிகிற கலுங்கில் கொண்டுபோய் விடும், அதன் மிச்சத் தண்ணீர்தான் இதற்கு வரத்து. இப்படி ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொண்டே போகும்.

பழைய கண்மாய் என்றால் கரைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி இரண்டு கல்தூண் ஒட்டி நிற்கும், குறுக்கே பலகைக்கல். ஏதோ இடிந்த மண்டபம் என்று நினைத்து அதன்மேல் துண்டைக் காயப் போட்டிருக்கிறேன், பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அது குமிழித்தூம்பு, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மடை. அடியில் கல்தொட்டி, அதன் மேல்மூடியில் ஒரு துளை, அதுதான் நீரோடி. கீழே பக்கவாட்டில் சின்னத் துளைகள், அவை சேறோடி. மேல்துளையைத் திறந்தால் தண்ணீர் இறங்கும் வேகத்தில் கீழே படிந்த வண்டலையும் இழுத்துக்கொண்டு போய் வயலில் சேர்த்துவிடும். தூர் வாரும் வேலையில் ஒரு பங்கைத் தண்ணீரே செய்துவிடுகிறது. உட்கார்ந்து அந்தத் துளைக்குள் கையை விட்டுப் பாருங்கள், விளிம்பெல்லாம் வழவழவென்று தேய்ந்திருக்கும். சில தூண்களில் எழுத்தும் வெட்டியிருப்பார்கள், தயவுசெய்து சுண்ணாம்பு தடவிப் படிக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம். மேலே பாளம் பாளமாக வெடித்திருந்தாலும் நடுவில் உளைச்சேறாக இருக்கும், முழங்கால் வரை வாங்கிவிடும். மண் அள்ளிய குழிகளும் உண்டு. கையில் ஒரு கம்போடு ஓரமாகவே நடங்கள்.

தண்ணீர் வற்றி முழங்காலளவு கிடக்கும்போது எங்காவது மீன்பிடித் திருவிழா என்று காதில் விழுந்தால், அந்த வாரம் நடையை விட்டுவிட்டு அங்கே போய்விடுவோம். ஊத்தா என்கிற மூங்கில் கூடையைச் சேற்றில் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டு மீனைத் துழாவுகிற கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! சட்டையில் அடித்த சேற்றின் வாடை மட்டும் நாலு துவைப்புக்குப் போகாது.

ஷூ வாங்க வேண்டுமா?

வேண்டாம். அடி தடித்த செருப்பு போதும். ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம், சீமைக்கருவேல முள் அதைத் தாண்டிக் காலுக்கு வந்துவிடும்.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குக் கோடையில் போகலாமா?

அங்கே இருக்கிற கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை, அந்த ஊரைப் பார்க்க வேண்டும்தான். ஆனால் மார்கழி, தையில் போங்கள். கோடையில் கண்மாயும் வற்றும், பறவைக் கூட்டமும் கிளம்பிப் போய்விடும்.

நடந்தே பழக்கமில்லை. எங்கே ஆரம்பிக்கலாம்? (சென்னையிலிருந்து லீவுக்கு வரும் அக்கா)

கானாடுகாத்தான் தெருக்களில் ஆரம்பியுங்கள் அக்கா. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளுகிற வீடுகள், காலையில் கிழக்கு வரிசை வீடுகளின் நிழல் தெருவில் விழும், அதை ஒட்டியே நடக்கலாம். அடுத்த வாரம் பிள்ளையார்பட்டியிலிருந்து குன்றக்குடி, மூன்று கிலோமீட்டர் வாக்கில்தான், மயில் சத்தம் கேட்டுக்கொண்டே போகலாம். வழியில் எந்த ஊரானாலும் குடிதண்ணீர் ஊருணியில் மட்டும் கால் கழுவ இறங்கிவிடாதீர்கள், அக்கா மட்டுமல்ல, எல்லோருக்கும்தான். குடத்தோடு வருகிறவர்கள் கொடுக்கிற ஏச்சு நியாயமானது.

அய்யனார் கோயில் குதிரைகளைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

கூட்டி வாருங்கள். புரவி எடுப்புத் திருவிழாவில் வைத்த மண்குதிரைகள் வருஷ வருஷமாக வரிசை கட்டி நிற்கும், காலுடைந்ததையும் தொட்டு நகர்த்தக் கூடாது, அது நேர்த்திக்கடன். செருப்பை எங்கே கழற்றுவது, எதுவரை போகலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும், அங்கே இருக்கிறவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துப் பனையில் கதண்டு என்கிற விஷக் குளவியின் கூடு இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பார்த்துவிட்டு அப்புறம் பிள்ளைகளை விடுங்கள், கல்லெறிய விடவே கூடாது. கோயில்காட்டில் உலக்கைப்பாலை மரம் இருந்தால் சித்திரை, வைகாசியில் மஞ்சளாகப் பழம் உதிர்ந்து கிடக்கும். நல்ல இனிப்பு, ஆனால் பால் உதட்டில் ஒட்டும்.

நடை முடிந்ததும் வீட்டுக்கா, அல்லது...?

அல்லதுதான். வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும். குறைத்த எடை அங்கேயே திரும்பிவிடுகிறது என்று வீட்டில் புகார் உண்டு, அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.