வெசெக்ஸ் (தென் இங்கிலாந்தின் பழைய ஆங்கிலோ-சாக்சன் அரசு) அரச குடும்பம்: கேள்வி பதில்

கேள்வி: ஏத்தல்பால்ட், ஏத்தல்பெர்ட், ஏத்தல்ரெட்... தலை சுற்றுகிறது. யார் யார் என்று எப்படிப் பிரித்து அறிவது?

பதில்: பெயரை இரண்டாக உடைத்துப் பாருங்கள். முற்பாதி குடும்ப முத்திரை மாதிரி: 'ஏத்தல்' உயர்குடி, 'எட்' செல்வம். ஆளைக் காட்டுவது பிற்பாதிதான். வுல்ஃப் என்றால் ஓநாய், பால்ட் துணிவு, பெர்ட் ஒளி, ரெட் ஆலோசனை, ஸ்டன் கல். ஏத்தல்ரெட் என்ற பெயரில் இரண்டு அரசர்கள் (865–871, 978–1016), ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள். இரண்டாமவரின் பட்டப்பெயரான 'அன்ரெடி'யை (Unready) 'ஆயத்தமில்லாதவர்' என்று தமிழாக்குவது தவறு. அதன் மூலச்சொல் 'உன்ரெட்', அதாவது கெட்ட ஆலோசனை. 'உயர்ந்த ஆலோசனை' என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கு அப்படி ஒரு குத்தல்!

கேள்வி: அண்ணன் பிள்ளைகள் இருக்கும்போது ஆல்ஃபிரட் எப்படி அரசரானார்? அபகரிப்புதானே?

பதில்: இல்லை. மூத்த மகனுக்கே பட்டம் என்ற விதியே அன்று கிடையாது. அரச ரத்தம் உள்ள ஆண்கள் எல்லோருமே 'ஏத்தலிங்', அதாவது பட்டத்துக்குத் தகுதியானவர்கள். அவர்களில் யாரைப் பெருந்தலைகள் ஏற்கிறார்களோ அவரே அரசர். அரசர் ஏத்தல்வுல்ஃபின் மகன்கள் நால்வர் (ஏத்தல்பால்ட், ஏத்தல்பெர்ட், ஏத்தல்ரெட், ஆல்ஃபிரட்) 858, 860, 865, 871 என்று வரிசையாகப் பட்டத்துக்கு வந்தார்கள். 871இல் டேனியப் படை நாட்டுக்குள் நிற்கிறது. இறந்த அண்ணனின் பிள்ளைகளோ சிறுவர்கள். ஆல்ஃபிரடுக்கு இருபதைத் தாண்டிய வயது, போர்க்கள அனுபவமும் உண்டு. வேறு யாரைத் தேர்வார்கள்?

ஆனால் உரிமை அத்தோடு செத்துவிடவில்லை. 899இல் ஆல்ஃபிரட் இறந்ததும் அண்ணன் மகன் ஏத்தல்வோல்ட் விம்போர்னைக் கைப்பற்றினார். அவருடைய தந்தையைப் புதைத்த ஊர் அது. இடத்தேர்விலேயே உரிமைக் கோரல் இருக்கிறது. பிறகு வடக்கே நார்த்தம்பிரியா டேனியர்களிடம் ஓடி, 902 வாக்கில் ஹோம் போரில் மாண்டார். 946இல் அரசர் எட்மண்ட் கொலையுண்டபோதும் இதே கணக்குதான்: மகன்கள் குழந்தைகள், பட்டம் தம்பி எட்ரெடுக்கு.

கேள்வி: ஆல்ஃபிரடின் மகள் ஏத்தல்ஃப்ளெட்டை மெர்சியாவின் (இங்கிலாந்தின் நடுப்பகுதி அரசு) ராணி எனலாமா?

பதில்: 'மெர்சியர்களின் தலைவி' என்பதே சரி. கணவர் 911இல் இறந்தபின் தனியே ஆண்டார். 917இல் டெர்பியைப் பிடித்தார். 918 ஜூனில் டாம்வொர்த்தில் இறந்தார். மகள் எல்ஃப்வின்னுக்கு ஆட்சி சில மாதம்தான். தாய்மாமனும் வெசெக்ஸ் அரசருமான எட்வர்ட் அவரை வெசெக்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார்.

கேள்வி: கோட்டை காவலுக்கு எத்தனை பேர் என்று எப்படிக் கணக்கிட்டார்கள்?

பதில்: 'பர்க்' என்னும் அரண் ஊர்களின் பழைய பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒரு 'ஹைட்' (அன்றைய நில அளவு) நிலத்துக்கு ஓர் ஆள், ஒரு 'போல்' மதிலுக்கு (ஐந்தரை கெஜம், சுமார் 5 மீட்டர்) நான்கு ஆள். வின்செஸ்டருக்கு 2,400 ஹைட். நான்கால் வகுத்தால் 600 போல், ஏறக்குறைய 3 கிலோமீட்டர். அங்குள்ள ரோமானிய மதிலின் நீளமும் கிட்டத்தட்ட அதுவே! இதை எல்லா ஊருக்கும் பொருத்தாதீர்கள். ஆறோ சதுப்போ காவலாக நின்ற இடங்களில் கணக்கு உதைக்கும்.

கேள்வி: மெர்சிய அரசர் ஒஃபா இறந்தது 794ஆ, 796ஆ?

பதில்: 796. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டேடு (ஆண்டுவாரியாக எழுதிய வரலாற்றுக் குறிப்பு) எட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவரை இரண்டு மூன்று ஆண்டு பின்தங்கியிருக்கிறது. அந்தப் பகுதித் தேதிகளைத் திருத்தாமல் எடுக்கக் கூடாது.

கேள்வி: ஆல்ஃபிரட் மயிலாப்பூருக்குக் காணிக்கை அனுப்பினாராமே?

பதில்: ஆண்டேட்டின் 883 பதிவு, இந்தியாவிலுள்ள புனித தோமாவுக்கும் பர்த்தலோமேயுவுக்கும் காணிக்கை போனதாகச் சொல்கிறது. மயிலாப்பூர் என்ற பெயர் அதில் இல்லை. சில கைப்பிரதிகளில் 'இந்தியா' இருக்கும் இடத்தில் 'யூதேயா' என்றிருக்கிறது. போனவர்கள் சேர்ந்தார்களா என்றும் பதிவு சொல்லவில்லை.