படத்தில் இருக்கும் மாமா

கேள்வி: அம்மம்மா இறந்த பிறகு அவருடைய சூட்கேசில் ஒரு இளைஞரின் படம் கிடைத்தது. அம்மாவின் தம்பியாம், 1986 மே மாதம் யாழ்ப்பாணத்தில் இறந்தவராம். அப்படி ஒரு மாமா இருந்ததே எனக்குத் தெரியாது. எப்படி இறந்தார் என்று கேட்டால் அம்மா எழுந்து போய்விடுகிறார். சொந்தப் பிள்ளைகளிடம் ஏன் மறைக்க வேண்டும்?
– பெயர் வேண்டாம், ஸ்காபரோ, கனடா

பதில்: தங்கச்சி, அந்த மாதத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. 1986 ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும்தான் விடுதலைப் புலிகள் டெலோ என்ற இன்னொரு தமிழ்ப் போராளி இயக்கத்தைத் தாக்கி அழித்தார்கள். டெலோ தலைவர் சிறீசபாரத்தினம் மே 6ஆம் தேதி கொல்லப்பட்டார். ஊர்ப் பெடியன்கள் பலர் செத்தார்கள். சிலரின் உடல்களைச் சந்தியிலேயே எரித்தார்கள். உங்கள் மாமாவும் அவர்களில் ஒருவரா என்பதை அம்மாதான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணா அப்படிப் போனார். அந்த வீட்டில் செத்தவீடு இல்லை, எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு இல்லை, கீரிமலைக் கடற்கரையில் இறந்தவருக்காகச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையும் இல்லை. கேட்டவர்களிடம் "அவன் இந்தியாவுக்குப் போயிட்டான்" என்றார் தாய். வாய்விட்டு அழுதால் இளைய மகனையும் தேடி வருவார்களோ என்ற பயம். படத்தைச் சுவரில் மாட்டினாலோ, சுற்றிவளைப்புக்கு வரும் ஆமிக்காரன் "இவன் எங்கே?" என்பான். சின்னப் பிள்ளைகள் வெளியே உளறிவிடுவார்கள் என்று அவர்களிடம் மூச்சே விடவில்லை. பின்னாளில் நவம்பர் 27இல் மாவீரர் என்று இறந்த புலிகளுக்கு விளக்கேற்றிய அதே ஊரில், இந்தப் பிள்ளைகளுக்காக வாசலில் ஒரு விளக்கு வைக்க யாரும் துணியவில்லை. அது பெரிய அநியாயம்.

சரி, கனடாவுக்கு வந்த பிறகும் ஏன்? மாமாவைப் பிடித்துக்கொண்டு போனது யார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். அந்த ஆளின் குடும்பமும் உங்கள் கோயிலுக்கே வரலாம், கல்யாண வீட்டில் பக்கத்து மேசையில் இருக்கலாம். அதனால் யார் செய்தது என்று தயவுசெய்து தொடங்காதீர்கள். மாமா எந்தப் பள்ளிக்கூடம், என்ன கறி பிடிக்கும், அம்மாவோடு எதற்குச் சண்டை போடுவார் என்று கேளுங்கள். ஃபோனில் பதிவு செய்ய வேண்டாம். அம்மா பேசாத நாளில் விட்டுவிடுங்கள்.

அப்புறம், அவருக்கு அந்தியேட்டி நடந்ததா என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். நடக்கவில்லை என்றால், அம்மா விரும்பினால், ஐயரைக் கூப்பிட்டு வீட்டோடு செய்யலாம். படத்தை இப்போதே பிரதி எடுத்து, பின்பக்கம் அவருடைய முழுப்பெயர், ஊர், பிறந்த வருடம் எழுதி வையுங்கள்.