கிட்டில் நெகட்டிவ், ஆனாலும் பன்றிகள் சாகின்றன

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஆறு வருடமாக வெண்பன்றி வளர்க்கிறேன். தாய்ப்பன்றி 14, ஆண் பன்றி 2, குட்டிகளும் வளரும் பன்றிகளும் சேர்த்து மொத்தம் 130 உருப்படி. ஒன்பது நாளில் வளரும் பன்றி 7 செத்துவிட்டது. தீனி எடுக்காமல் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்கின்றன. காதும் அடிவயிறும் சிவந்து நீலம் பாய்கிறது. இரண்டு மாதம் முன்புதான் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டேன். மருந்துக்கடைக்காரர் கொடுத்த கிட்டில் நான்கு பன்றிக்குப் பார்த்தோம், நெகட்டிவ். மொத்தப் பன்றிக்கும் ரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொல்கிறார். எந்த டெஸ்ட் எடுக்கலாம்? செலவு எவ்வளவு ஆகும்?

பதில்: தம்பி, 130 பன்றிக்கும் ரத்தம் எடுக்காதீர்கள். இப்போது காசைவிடப் பெரிய கவலை வேறு. சுருக்குக்கயிறு, ஊசி, செருப்பு, கை என்று எல்லாவற்றோடும் இரண்டு பேர் அறை அறையாக ஏறி இறங்கினால், இதுவரை நோய் எட்டாத அறைக்கும் அவர்களே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். ஒரு பன்றிக்குக் குத்திய ஊசியை அடுத்த பன்றிக்குக் குத்தினால், அது வைரஸைக் கையால் எடுத்துக் கொடுப்பதற்குச் சமம்.

கிட் உறையின் படத்தைப் பார்த்தேன். அது வைரஸைத் தேடும் கிட் அல்ல. உடம்பு வைரஸுக்கு எதிராக உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் கிட். நீங்கள் சொல்லும் அறிகுறிக்குச் சாதாரணப் பன்றிக் காய்ச்சலோடு, வேறொரு வைரஸால் வரும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலையும் சந்தேகிக்க வேண்டும். ஆப்பிரிக்கக் காய்ச்சலில் ஆன்டிபாடி உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், வேகமாகத் தாக்கினால் பன்றி அதற்கு முன்பே போய்விடும். ஆகவே சாகக் கிடக்கும் பன்றியில் அந்தக் கிட் நெகட்டிவ் காட்டினால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்கு ஆன்டிபாடி பார்த்தாலும் உங்களுக்குப் பயனில்லை. தடுப்பூசி போட்ட பன்றியும் பாசிட்டிவ்தான் காட்டும், அது ஊசியால் வந்ததா நோயால் வந்ததா என்று பிரிக்க முடியாது. மருந்துக்கடைக்காரர் இது தெரியாமல் விற்றாரா, தெரிந்தே விற்றாரா என்று எனக்குத் தெரியாது. எந்த டெஸ்ட் எதைத் தேடுகிறது என்று சொல்லத் தெரியாதவரிடம் இனி கிட் வாங்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது பிசிஆர். அது வைரஸையே தேடும். ஆப்பிரிக்கக் காய்ச்சல், சாதாரணப் பன்றிக் காய்ச்சல் இரண்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க என்னாலும் ஆகாது. சில பாக்டீரியா நோய்களிலும் இதே போலத் தோல் சிவக்கும். இரண்டு மாதம் முன்பு போட்ட ஊசி சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்கு மட்டும்தான். ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்கு இந்தியாவில் அனுமதி பெற்ற தடுப்பூசியே இல்லை. 2020-இல் அசாமில் நுழைந்த நோய் அது, 2022-இல் வயநாட்டுக்கு வந்துவிட்டது. டெல்டாவுக்கு வராது என்று யாரும் எழுதித் தர முடியாது.

சரி, யாருக்கு ரத்தம் எடுப்பது? நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். இதற்கு ஒரு தெர்மாமீட்டர் போதும். பன்றி வளர்க்கிற எல்லோரிடமும் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான். பல லட்சம் போட்டுக் கொட்டகை கட்டுகிறார்கள், இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்காது. பன்றியின் இயல்பான சூடு 101.5-இலிருந்து 103.5 டிகிரி வரை. இந்த நோய்களில் அது 105, 106 என்று ஏறும், பல பன்றிகளில் தீனியை விடுவதற்கு முன்பே ஏறிவிடும். அந்தக் காய்ச்சல் நாட்களில்தான் ரத்தத்தில் வைரஸ் நிறைந்திருக்கும். காலை ஆறு மணிக்கு, தீனி போடும் முன் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். நம் ஊர் மத்தியான வெயிலில் நல்ல பன்றிக்கும் சூடு ஏறிவிடும், அது கணக்கில் சேராது. காய்ச்சலைக் குறைக்கும் ஊசி போட்டுவிட்டு அளந்தாலும் பயனில்லை. நோய் இல்லாத அறையில் தொடங்கிக் கடைசியாக நோய் அறைக்குப் போங்கள், ஒவ்வொரு பன்றிக்குப் பிறகும் தெர்மாமீட்டரைக் கிருமிநாசினியில் துடையுங்கள். 104-ஐத் தாண்டியதற்கெல்லாம் முதுகில் சாயக்குறி போட்டு, அறைவாரியாக நோட்டில் எழுதுங்கள்.

பாபநாசம் பக்கம் ஒரு பண்ணையில் நோயாளிப் பன்றியைப் பிடிக்கச் சிரமம் என்று, கைக்குச் சிக்கிய நல்ல பன்றிகளாகப் பார்த்து நாற்பது குழாய் ரத்தம் அனுப்பினார்கள். எல்லாம் நெகட்டிவ். மூன்று வாரத்தில் கொட்டகை காலி. அந்த மனிதர் வெறும் அறைகளுக்கு நடுவே நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. காய்ச்சலில் இருந்த ஆறு பன்றியின் ரத்தம் போயிருந்தால் நான்கே நாளில் விடை கிடைத்திருக்கும்.

காய்ச்சல் பன்றி ஆறிலிருந்து எட்டுக்கு, ஊதா மூடிக் குழாயில் உங்கள் கால்நடை மருத்துவர் ரத்தம் எடுக்கட்டும். குழாயைக் குலுக்கக் கூடாது, மெதுவாகத் தலைகீழாகத் திருப்பிக் கலக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் குளிர்ந்த நிலையில் அன்றே போக வேண்டும், ஃப்ரீசரில் உறைய விடாதீர்கள். தடுப்பூசி போட்ட தேதியைச் சீட்டில் எழுதுங்கள், ஊசி போட்ட புதிதில் ஊசி வைரஸே பிசிஆரில் சிக்கும். செத்ததை நீங்களே அறுக்க வேண்டாம். சிந்தும் ஒவ்வொரு சொட்டு ரத்தமும் பண்ணை முழுக்க வைரஸைப் பரப்பும். மண்ணீரல் வேண்டுமென்றால் மருத்துவர் எடுப்பார். அது பார்மலின் போடாமல் ஐஸில் போக வேண்டும். உள்ளூர் மருத்துவர் வழியாகவே போங்கள், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியும் உங்களுக்குப் பக்கம்தான். ஆப்பிரிக்கக் காய்ச்சல் என்று சந்தேகப்பட்டால் போபாலில் உள்ள தேசிய ஆய்வகம்தான் உறுதி செய்யும். முப்பது பன்றிக்கு மேல் எடுப்பதெல்லாம் பிறகு, நோய் ஓய்ந்தது என்று நிரூபிக்கும் கட்டத்தில்தான். எட்டுக் குழாய் என்றால் செலவு உங்களைச் சாய்த்துவிடாது.

சொன்னால் மொத்தத்தையும் அழித்துவிடுவார்கள் என்று பயப்படுவீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2009-ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி இந்த நோய்களைத் தெரிவிப்பது கடமை. அதிகாரிகள் அழிக்கும் பன்றிக்குத்தான் இழப்பீடு, தானாகச் செத்ததற்கு இல்லை. சொல்லத் தயங்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்குத்தான் நஷ்டம். நோயாளிப் பன்றியைப் பாதி விலைக்குக் கேட்டு வரும் வியாபாரியை வாசலோடு அனுப்புங்கள். அவர் வண்டி அடுத்து எந்தப் பண்ணைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஒருவேளை உங்களிடம் நோய் வந்ததும் அதே வண்டியில்தானோ என்னவோ.

கடிதத்தில் தீனி பற்றி ஒரு வரிகூட இல்லை. ஓட்டல் கழிவும் மண்டபத்து மிச்சமும் போடுகிறீர்களா? ஒரே டிரம்மில் எங்கோ ஒரு பன்றிக்கறித் துண்டு கலந்தாலே போதும். கொதிக்கத் தொடங்கிய பிறகு அரை மணி நேரம் கிளறிக் காய்ச்சாமல் ஒரு வாளிகூடப் போடாதீர்கள், இந்த மாதம் நிறுத்திவிட்டாலே நல்லது. கடைசி இரண்டு வாரத்தில் குட்டி வாங்கினீர்களா, யார் யார் உள்ளே வந்தார்கள் என்பதையும் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

செத்த ஏழையும் எங்கே போட்டீர்கள்? வாய்க்காலில் என்றால், பாமணியாற்றுத் தண்ணீர் போகும் ஊரெல்லாம் உங்கள் நோய் போகும். நம் பக்கம் மழைக்காலத்தில் இரண்டு மூன்று அடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும், பள்ளமான இடத்தில் குழி ஆகாது. மேட்டுத் திடலாகப் பார்த்து, சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள், நாய் தோண்டாதபடி மேலே முள் வையுங்கள். அக்கம்பக்கத்தார் பயந்தால், இந்த இரண்டு நோயும் மனிதருக்கு வராது என்று தைரியமாகச் சொல்லுங்கள். பத்திரிகையில் மனிதருக்கு வரும் பன்றிக் காய்ச்சல் என்று போடுவது வேறு வைரஸ்.

இன்றே மருத்துவருக்குப் போன் போடுங்கள். நாளைக் காலை எடுக்கும் காய்ச்சல் கணக்கை அவரிடம் கொடுத்துவிட்டு, எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.