மார்கழியில் ஒரே வாரம், மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் இல்லை: என்ன கேட்கலாம்?

மார்கழி இசை விழாவுக்காகச் சென்னையில் ஒரு வாரம் இருக்கப்போகிறீர்கள், என்ன கேட்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மதியக் கச்சேரிகளுக்குப் போங்கள். கச்சேரி நடத்தும் அமைப்புகளான சபாக்களில் பெரும்பாலானவற்றில் அவற்றுக்கு அனுமதி இலவசம்.

ஆன்லைனில் எந்த நாளுக்கும் மாலை டிக்கெட் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய சபாக்களில் நல்ல பங்கு இருக்கைகள் உறுப்பினர்களுக்கும் சீசன் டிக்கெட் எடுத்தவர்களுக்கும் போய்விடும். அநேகமாக அதுதான் காரணம். கேட்க நினைக்கும் நாளன்று காலையிலேயே சபா கவுண்டரில் நேரில் விசாரித்துப் பாருங்கள்.

மதியம் பாடுவது பெரும்பாலும் இளையவர்கள். நேரம் குறைவு, விரிவான பல்லவியை (ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாடுவது) எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்து வயலினையும் மிருதங்கத்தையும் கிட்டத்தில் கேட்கலாம். எனக்கு மாலைக் கூட்டத்தைவிட இதுதான் பிடிக்கும். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலையில்தான், ஒன்று ரசிக்கவில்லையா, எழுந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம்.

அப்புறம், ஒரு காலையை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் சோழர் வெண்கலச் சிலைகளுக்கு ஒதுக்குங்கள். திருவாலங்காட்டு நடராஜர் ஒருவருக்காகவே போகலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை.

ஒரு விஷயம்: கலைஞருக்குத் தொண்டை கட்டினால் நிகழ்ச்சி மாறிவிடும். கிளம்பும் முன் அன்றைய பட்டியலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.