தமிழ்ப் படத்துல வர்ற ‘ஹவுசிங் போர்டு’ன்னா என்ன?

குடிசைய எடுத்துட்டு அரசாங்கம் கட்டிக் குடுத்த மாடி வீடுங்கதான், சென்னைல பேச்சுல அப்படி சொல்வாங்க. 1970ல இதுக்குன்னே குடிசை மாற்று வாரியம் வந்துச்சு. ஹார்பர், மில்லு, ரயில்வேன்னு வேலை தேடி வந்தவங்களுக்கு சம்பளம் கெடச்சுது ஆனா நெலம் கெடைக்கல, அதான் பக்கத்துலயே குடிசை போட்டாங்க, அப்புறம் வியாசர்பாடி மாதிரி எடத்துல இவ்ளோ பிளாக்கு. எங்க மலேசியா சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டு தோட்டத்த வித்ததும் லயத்து சனங்க (தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீட்டுல இருந்தவங்க) மலிவு விலை ஃபிளாட்டுக்கு போனாங்கல்ல, அதே கததான், வாசல்ல உக்காந்து ஊரோட பேசுன பாட்டி இப்ப நாலாவது மாடில தனியா, நெனச்சாலே மனசு கனக்குது. 2014ல வந்த ‘மெட்ராஸ்’ படம் இந்த ஹவுசிங் போர்டு வாழ்க்கைய உண்மையா காட்டுச்சு.

நெறைய பேரு ஹவுசிங் போர்டுன்னாலே ரவுடிங்க ஏரியான்னு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, ஆட்டோ ஓட்டுறவங்க, ஃபுட்பால் ஆடுற பசங்க, ஐடி வேலைக்கு போறவங்கன்னு எல்லாரும் இருக்குற எடம்.