வீட்டைச் சோதித்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை: இனி என்ன செய்யலாம்?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் வாழும் தமிழர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் அந்தப் பகுதியின் வழக்கறிஞர்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: ஐயா, திருட்டு நகை இருப்பதாகத் தகவல் என்று விடியற்காலை நான்கு மணிக்குப் போலீஸ் வந்தது. அரிசி டிரம்மைக்கூடக் கவிழ்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு தாளும் தராமல் போய்விட்டார்கள். வழக்குப் போடலாமா?

போடலாம். ஆனால் பொருள் கிடைக்கவில்லை என்பதாலேயே சோதனை சட்டவிரோதம் ஆகிவிடாது. அதை மட்டும் எழுதி மனுவை வீணாக்குகிறவர்கள் நிறைய. நீதிமன்றம் பார்ப்பது, எப்படிச் சோதித்தார்கள் என்பதைத்தான்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185-ஆம் பிரிவைப் பாருங்கள். வாரண்ட் இல்லாமல் தேட வரும் அதிகாரி, அதற்கான காரணத்தை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சேர வேண்டும். விண்ணப்பித்தால் அது உங்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் முதல் வேலை இதுதான். சோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது 105-ஆம் பிரிவு. அதன் நகலையும் கேளுங்கள். அக்கம்பக்கத்தார் இருவரைச் சாட்சியாக அழைத்தார்களா என்பது அடுத்த கேள்வி. காரணம் எழுதாமல், சாட்சி இல்லாமல், வீடியோ இல்லாமல் நுழைந்திருந்தால் உங்கள் கை ஓங்கும்.

சிதறிய அரிசியைக் கூட்டுவதற்கு முன் படம் எடுத்தீர்களா? இல்லையென்றால், நினைவில் இருப்பதை இன்றே எழுதுங்கள். என்னிடம் வந்த ஓர் அம்மா, பால் சொசைட்டி அட்டையின் பின்பக்கத்தில் ஜீப் எண்ணையும் மணியையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அவருடைய மனு அந்த அட்டையின் பலத்தில்தான் நின்றது.

வண்டித்தாவளத்திலிருந்து: சாவியை நீட்டியும் வாங்காமல் பீரோவை உடைத்தார்கள். நஷ்டஈடு கிடைக்குமா?

கேட்டும் திறக்க மறுத்தால்தான் உடைத்து நுழையலாம் என்பது சட்டம். சாவி உங்கள் கையில் இருந்ததைப் பார்த்தவர் இருந்தால் அவரை விடாதீர்கள். தச்சர் தரும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். மாவட்டக் காவல் தலைவரிடமும், 2011 கேரளப் போலீஸ் சட்டப்படி அமைந்த புகார் ஆணையத்திடமும் புகார் கொடுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் ஓராண்டுக்குள் போக வேண்டும். சிவில் வழக்கு என்றால் அதற்கு முன் இரண்டு மாத நோட்டீஸ் தேவை. அரசியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்திலும் இழப்பீடு கேட்கலாம். அதிகாரி மீது கிரிமினல் வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி கேட்பார்கள். அந்தப் பாதை நீளமானது என்பதை மறைக்க மாட்டேன்.

கோபாலபுரத்திலிருந்து: எனக்கு மலையாளம் எழுதப் படிக்க வராது. புகாரைத் தமிழில் கொடுக்கலாமா? சோதனை பற்றிப் போலீஸ் எழுதும் மகஜரில் கையெழுத்து வேறு வாங்கிவிட்டார்கள்.

தமிழிலேயே கொடுங்கள். குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவே சொல்கிறது. மகஜரை யாரும் படித்துக் காட்டவில்லை என்பதைப் புகாரின் முதல் வரியிலேயே எழுதுங்கள். இனி ஒருமுறை நேர்ந்தால், வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

மீனாட்சிபுரத்திலிருந்து: கஞ்சா என்று சொல்லி இரவில் வந்தார்கள்.

போதைப்பொருள் சட்டத்துக்குத் தனி விதி உண்டு. சூரியன் மறைந்த பின் வாரண்ட் இல்லாமல் நுழைய, வாரண்ட் வாங்கப் போனால் பொருளை ஒளித்துவிடுவார்கள் என்று நம்பியதன் காரணத்தை எழுதியிருக்க வேண்டும். அந்தக் குறிப்பு 72 மணி நேரத்தில் மேலதிகாரிக்குப் போக வேண்டும். நியாயமான சந்தேகம் இல்லாமல் சோதித்த அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை விதிக்க 58-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது.

வேலந்தாவளத்திலிருந்து: வந்தவர்கள் தமிழ்நாட்டுப் போலீஸ். நாங்கள் எங்கே போவது?

வேறு ஸ்டேஷன் எல்லையில் அவசரமாகத் தேடினால், அந்த ஸ்டேஷனுக்கு உடனே தகவல் கொடுக்க வேண்டும் என்கிறது முதலில் சொன்ன சுரக்ஷா சன்ஹிதாவின் 186-ஆம் பிரிவு. உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு அப்படித் தகவல் வந்ததா என்று எழுதிக் கேட்டு, ரசீது வாங்குங்கள். அந்த அதிகாரிகள் மீதான புகார், அவர்களுடைய மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் போகட்டும்.