ஃபைன் லெக்ல என்ன ஃபைன்?

வணக்கம்ணா, ஃபைன்னா நல்லா இருக்குன்னுதான் ஸ்கூல்ல படிச்சோம். கிரிக்கெட் கமெண்ட்ரில ஃபைன் லெக், ஃபைன் எட்ஜ்னு சொல்றாங்க, அதுல என்ன நல்லது? ஆபீஸ்ல லண்டன் டீம்கிட்ட இன்னொரு மீட்டிங் போடலாமான்னு கேட்டா “ஐ ஆம் ஃபைன்”ங்குறாங்க, வேணுமா வேணாமான்னே புரியல. எப்படிண்ணா கண்டுபிடிக்கிறது?

– ஒரு வாசகர்

வணக்கம் தம்பி,

எல்லா இடத்துக்கும் ஒரே அர்த்தத்தைப் போட்டுப் பாக்குறதாலதான் குழம்புது. அந்த இடத்துல ஃபைனுக்கு எதிர்ப்பதம் என்னன்னு யோசிங்க, பாதி தெளிஞ்சிடும்.

கிரிக்கெட்டையே எடுத்துப்போம். ரெண்டு பக்க ஸ்டம்ப்பையும் சேர்த்து பிட்ச் நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, அதை அப்படியே கீப்பருக்குப் பின்னாடி பவுண்டரி வரைக்கும் இழுத்துக்கோங்க. ஃபீல்டர் அந்தக் கோட்டை ஒட்டி நின்னா ஃபைன், பேட்ஸ்மேனுக்கு நேர் பக்கவாட்டுல 90 டிகிரில நின்னா ஸ்கொயர். கேப்டன் “இன்னும் ஃபைனா போ”ன்னா கோட்டுப் பக்கமா நகருன்னு அர்த்தம், அவ்ளோதான். ஃபைன் எட்ஜ்னா பந்து பேட்டை லேசா உரசிட்டு கீப்பர்கிட்ட போறது, அதுக்கு எதிர்ப்பதம் திக் எட்ஜ்.

உப்பு, மணல்னா எதிர்ப்பதம் கரகரப்பு. காத்து மாசுல பிஎம் 2.5ஐ ஃபைன் பார்ட்டிகிள்ஸ்ம்பாங்க, 2.5 மைக்ரானும் அதுக்குக் கீழயும் இருக்குற தூசி. இங்க போய் ஃபைன்னா நல்லதுன்னு எடுத்துக்கிட்டா வம்பு, நுரையீரலோட ஆழம் வரைக்கும் இறங்குறதே அதுதான். தங்கத்துல எதிர்ப்பதம் கலப்படம், 22 கேரட் நகைல 916னு போட்டிருக்கே, ஆயிரத்துல 916 பங்கு ஃபைன் கோல்டுன்னுதான் அதுக்கு அர்த்தம். இங்கிலாந்துல “நாளைக்கு ஃபைனா இருக்கும்”னா மழை இல்லன்னு சந்தோஷப்படுவாங்க.

லத்தீன்ல ஃபினிஸ்னா முடிவு, எல்லை. குறையில்லாம முடிஞ்சதுங்குற அர்த்தம் அங்கேர்ந்துதான் வந்துச்சு. அபராதத்தைச் சொல்ற ஃபைனுக்கும் அதே வேர்தான், வழக்கை முடிக்கக் கட்டுற பணம்.

இப்ப உங்க மீட்டிங். கேட்டதுக்கு “ஐ ஆம் ஃபைன் வித் தட்”னு வந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல, போடுங்கன்னு அர்த்தம். “ஐ ஆம் ஃபைன், தேங்க்ஸ்”னா நம்மாளு பந்தில இலையை மறைச்சுக்கிட்டு “போதும் போதும்”பாரே, அது. தேங்க்ஸும் இல்லாம வெறும் “ஃபைன்”னு ஒத்தை வார்த்தைல மெயில் வந்தா கொஞ்சம் உஷாரா இருங்க, சம்மதம்தான், ஆனா பல சமயம் மனசில்லாத சம்மதம். அப்போ இன்வைட் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க.